மூக்கைப் பிடித்தால் ஓடுமா? - பந்தயக் காரின் 34 மி.மீ. கதை

மூக்கின் ஒரு துளையை மூடிக்கொண்டு, வாயையும் திறக்காமல், நான்கு மாடி ஏறிப் பாருங்கள். காலில் எவ்வளவு பலம் இருந்தாலும் மூன்றாவது மாடியிலேயே மூச்சு முட்டும். பந்தயக் கார்களுக்கு இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஒரு பாகம் இருக்கிறது. அதன் பெயர் ரிஸ்ட்ரிக்டர். எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் வைக்கப்படும் குறுகலான வளையம், அவ்வளவுதான். இந்த வளையத்தால் ஒரு உலக சாம்பியன்ஷிப்பின் போக்கே மாறியது என்றால் நம்ப முடிகிறதா?

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்று இல்லாவிட்டால் எரியாது. ஆக, ஒரு எஞ்சினின் சக்தியைக் கட்டுப்படுத்த அதைப் பிரித்து மேய வேண்டியதில்லை. மூச்சுக்குழாயை மட்டும் பிடித்தால் போதும்.

"குழாய் குறுகினால் என்ன, இன்னும் வேகமாக உறிஞ்சினால் போயிற்று" என்று தோன்றலாம். அங்கேதான் இயற்கை ஒரு கேட்டைப் போட்டு வைத்திருக்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் ஏறிக்கொண்டே போய் ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதற்குமேல் அந்தப் பக்கம் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு கிராம்கூடக் கூடுதலாக வராது. இதற்கான கணக்கை பிரான்சில் செயின்ட்-வெனன்ட், வான்ட்ஸெல் என்ற இருவர் 1839-லேயே எழுதிவிட்டார்கள். கார் என்ற ஒன்று பிறப்பதற்கு ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்பு!

பந்தயத்தில் இது புதிய யோசனையும் இல்லை. ஃபார்முலா 3 பந்தயத்தில் 1974 முதல் 2 லிட்டர் எஞ்சின்களுக்கு 24 மி.மீ. வளையம் கட்டாயம். பிற்பாடு அது 26 ஆனது. ஆனால் ராலி உலகத்துக்கு அது வந்த வழி ரத்தம் தோய்ந்தது.

1980களின் நடுவில் 'குரூப் பி' என்ற பிரிவு இருந்தது. ஒரு டன் எடைக்குள் இருக்கும் கார், 500 ஹார்ஸ்பவர் அளவில் எஞ்சின். ஓடுவதோ மலைப்பாதையில், இரண்டு பக்கமும் மக்கள் கூட்டம். 1986 மார்ச்சில் போர்ச்சுகல் ராலியில் ஒரு ஃபோர்டு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் மூன்று பேர் இறந்தார்கள். அதே வருடம் மே 2-ஆம் தேதி கோர்சிகா தீவில் ஹென்றி டொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ க்ரெஸ்டோவும் சென்ற லான்சியா பாதையை விட்டுப் பறந்து தீப்பிடித்தது. இருவருமே பிழைக்கவில்லை. குரூப் பி-க்கு அந்த வருடத்தோடு மூடுவிழா.

அடுத்து வந்த குரூப் ஏ கார்கள் சாதுவாகத்தான் ஆரம்பித்தன. ஆனால் டர்போ இருக்கிறதே, அது சும்மா இருக்காது. வருடத்துக்கு வருடம் சக்தி ஏறியது. அதனால் டர்போவின் வாயில் வளையம் மாட்டினார்கள். 38 மி.மீ. ஆக இருந்ததை 1995-ல் 34 ஆக்கினார்கள். 4 மி.மீ. தானே என்று நினைக்க வேண்டாம். வட்டத்தின் பரப்பளவைப் போட்டுப் பாருங்கள். 1134 சதுர மி.மீ. ஆக இருந்தது 908 ஆகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கு காற்று அவுட்.

எல்லா அணிகளும் திணறின. அப்போதுதான் டொயோட்டாவின் ஐரோப்பிய அணி ஒரு காரியம் செய்தது.

அந்த அணியின் கார் செலிக்கா ஜிடி-ஃபோர். ஓட்டியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஏற்கனவே நான்கு முறை உலக சாம்பியனான யுஹா கங்குனன், 1994-ன் சாம்பியன் டிடியே ஒரியோல், ஜெர்மனியின் ஆர்மின் ஷ்வார்ட்ஸ். 1995 அக்டோபரில் ஸ்பெயினில் கட்டலோனியா ராலி. சீசனின் கடைசிக்கு முந்தைய போட்டி. சாம்பியன் பட்டத்துக்கான ஓட்டத்தில் கங்குனனும் இருந்தார். அந்த ராலியில்தான் பரிசோதகர்கள் டொயோட்டாவின் டர்போவைப் பிரித்தார்கள்.

உள்ளே இருந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விஷயம் தெரிய வேண்டும். காற்று ஹோஸ் டர்போவின் வாயில் மாட்டி, மேலே ஒரு கிளாம்ப் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். வளையத்தை அளக்க வேண்டுமானால் பரிசோதகர் முதலில் ஹோஸைக் கழற்றியாக வேண்டும். டொயோட்டாவில் ஹோஸை மாட்டி, அதற்கென்றே செய்த தனிக் கருவியால் கிளாம்பை முறுக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் அமுங்கும். வளையம் சுமார் 5 மி.மீ. நகர்ந்து கொடுக்கும். அப்போது வளையத்தின் நடு ஓட்டை வழியாக மட்டுமில்லாமல், அதைச் சுற்றியும் காற்று உள்ளே போகும். ஹோஸைக் கழற்றினாலோ ஸ்பிரிங்குகள் விரிந்து, வளையம் பழைய இடத்தில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். அளந்தால் 34 மி.மீ. அப்பழுக்கில்லாத 34!

ஆடிட்டர் வரும்போது மட்டும் கணக்குப் புத்தகம் தானாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கடையைக் கற்பனை செய்து பாருங்கள். ஆடிட்டர் கதவைத் திறப்பதுதான் திருத்தும் விசையே. அப்படி ஒரு ஏற்பாடு இது.

காற்றோட்டத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று அந்த ஸ்பிரிங்குகளுக்குக்கூட பாலிஷ் போட்டிருந்தார்களாம். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, தான் பார்த்ததிலேயே மிகவும் நுணுக்கமான, சாமர்த்தியமான ஏமாற்று இது என்கிற ரீதியில் பேசினார். கண்டனத்திலும் ஒரு சபாஷ் ஒளிந்திருந்தது!

சம்மேளனத்தின் மதிப்பீட்டில் இந்த வேலையால் கிடைத்தது 25 சதவீதம் கூடுதல் காற்று. கால்குலேட்டரை எடுங்கள். 908-ஐ 1.25 ஆல் பெருக்கினால் 1135. பழைய 38 மி.மீ. ஓட்டையின் பரப்பளவும் அதேதான்! அதாவது 1995-ல் புது விதி பறித்துக்கொண்டதை ஏறக்குறைய அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்டனை கடுமையாக இருந்தது. நவம்பர் 3-ஆம் தேதி அணியின் அந்த வருடப் புள்ளிகள் எல்லாம் பறிக்கப்பட்டன. ஒரு வருடத் தடை. ஓட்டுநர்களின் புள்ளிகளும் போயின. ஸ்டியரிங் பிடிப்பவர் டர்போவைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் கங்குனனின் ஒரு வருட உழைப்பு பட்டியலிலிருந்தே காணாமல் போனது. இதுதான் இந்தக் கதையில் மனதை உறுத்தும் இடம். பட்டம் சுபாருவின் காலின் மெக்ரேவுக்குப் போனது. டொயோட்டா 1997-ல் பின்லாந்து ராலியில் கொரோலாவோடு திரும்பி வந்து, 1999-ல் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. அதுவும் 34 மி.மீ. வளையத்தோடுதான்.

இதே வளையத்தோடு இன்று மல்லுக்கட்டுவது கல்லூரி மாணவர்கள். 1981-ல் அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் வழிவந்த விதிகளில்தான் கோவை காரி ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் வரை ஓடுகிறது. பெட்ரோல் காருக்கு 20 மி.மீ. எத்தனால் கலந்த ஈ-85 என்றால் 19. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன ஓட்டை!

அந்த ஓட்டை வழியே வினாடிக்கு சுமார் 75 கிராம் காற்றுக்குமேல் போகாது. 600 சிசி பைக் எஞ்சின் 12,000 சுற்றில் கேட்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் மிச்சம். எனவே ஓட்டைக்கு முன்னும் பின்னும் என்ன வடிவம் என்பதில்தான் சாமர்த்தியம். வெறும் தகட்டில் துளை போட்டால், கூர்மையான விளிம்பில் காற்று சுருங்கி, இருக்கிற 20 மி.மீ. கூட முழுதாகப் பயன்படாது. மிருதுவாகக் குறுகி, பிறகு ஏழெட்டு டிகிரி போல மெல்ல விரியும் கூம்பு என்றால் இழந்த அழுத்தத்தில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். 1797-ல் இத்தாலியின் வென்டூரி எழுதிய சமாச்சாரம்தான் இது.

டர்போ இல்லாத காரில் த்ராட்டில் முன்னால், ரிஸ்ட்ரிக்டர் பின்னால், அதற்கடுத்து எஞ்சின். இதுதான் வரிசை. இங்கே பல புது அணிகள் சறுக்கும். பெரிய த்ராட்டில் என்றால் பெரிய சக்தி என்று 38 மி.மீ.-ல் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதன் பரப்பளவு 20 மி.மீ. ஓட்டையைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். கால்வாசியைக் கொஞ்சம் தாண்டி வழி திறந்ததுமே, மிச்சக் கட்டுப்பாடு ஓட்டையின் கைக்குப் போய்விடும். ஆக்ஸிலரேட்டரின் பிற்பாதியை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். வளைவுகளே நிறைந்த சின்னப் பாதையில் மாணவ ஓட்டுநருக்கு அந்த மிதி லைட் சுவிட்ச் மாதிரி ஆகிவிடும், ஆன் அல்லது ஆஃப். அளவில் சிறிய த்ராட்டிலை வைத்தால் உச்ச சக்தியில் இழப்பு சொற்பம், காலுக்குக் கிடைக்கும் நிதானமோ அதிகம்.

விதிப்புத்தகத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த 20 மி.மீ. பகுதி எந்த விதத்திலும் அசையவோ வளையவோ கூடாது. சாதாரணமாகப் படித்தால் இது எதற்கு என்று தோன்றும். கட்டலோனியாவில் கழற்றிய அந்த ஹோஸைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரும்.