இறையாண்மைக் குடிமக்கள் இயக்கம்

இறையாண்மைக் குடிமக்கள் இயக்கம் என்பது, தாம் வாழும் நாட்டின் சட்டங்களும் வரிகளும் நீதிமன்றங்களும் தமது ஒப்புதல் இன்றித் தம்மைக் கட்டுப்படுத்தா என்று நம்புவோரின் தளர்வான இயக்கம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் வேர்கொண்ட இவ்வியக்கத்துக்குத் தலைமையகமோ, பொதுவான தலைவரோ, உறுப்பினர் பட்டியலோ இல்லை. கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இதன் கருத்துக்கள் பரவியுள்ளன. ஜெர்மனியில் இதனையொத்த தனி இயக்கம் ஒன்று உள்ளது.

இவ்வியக்கத்தினர் சட்டநூல்களை ஆர்வத்துடன் படிப்பவர்கள். உண்மையான சட்டம் ஒன்று மறைக்கப்பட்டுள்ளது என்றும், அதனை அறிந்து உரிய சொற்களை உரிய முறையில் பயன்படுத்தினால் அரசு விலகி நிற்கும் என்றும் இவர்கள் கருதுகின்றனர். இவர்களது வாதங்களைச் சட்ட அறிஞர்கள் போலிச்சட்டம் என்று அழைக்கின்றனர். இவ்வாதங்களை நீதிமன்றங்கள் தொடர்ந்து நிராகரித்து வருகின்றன.

வரலாறு

இயக்கத்தின் முன்னோடி, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிபோர்னியா, ஓரிகன் மாநிலங்களில் தோன்றிய போசே கொமிட்டாட்டஸ் என்னும் அமைப்பு ஆகும். இலத்தீன் மொழியில் இதற்குக் கவுண்டியின் ஆற்றல் என்பது பொருள். பழைய ஆங்கிலேய வழக்கில், குற்றவாளிகளைப் பிடிக்க ஷெரிப் உள்ளூர் ஆண்களைத் திரட்டும் அதிகாரத்தை இச்சொல் குறித்தது. கவுண்டியின் ஷெரிப்பே நாட்டின் உயர்ந்த சட்ட அதிகாரி என்றும், நடுவண் அரசின் வருமான வரி செல்லாது என்றும் இவ்வமைப்பினர் வாதிட்டனர். இதன் நிறுவனர்களுள் ஒருவரான வில்லியம் பொட்டர் கேல் வெள்ளை இனவாதியும் யூத எதிர்ப்பாளரும் ஆவார்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மை கடும் நெருக்கடிக்கு உள்ளானது. வட்டி உயர்ந்தது, நிலத்தின் விலையும் விளைபொருள் விலையும் வீழ்ந்தன. கடனில் மூழ்கிய உழவர்களின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. வங்கிகள் கொடுத்த கடனே சட்டப்படி செல்லாது என்று கூறுவோரின் கூட்டங்களுக்கு இக்காலத்தில் ஆள் சேர்ந்தது. சட்ட உதவி பெறப் பணமில்லாத உழவருக்கு, சில படிவங்களை நிரப்பினால் நிலம் மீளும் என்ற பேச்சு ஆறுதலாக அமைந்தது.

கார்டன் கால் என்பவர் வடக்கு டகோட்டா மாநில உழவர். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியவர். வருமான வரி அறிக்கை அளிக்க மறுத்ததற்காக 1977 இல் தண்டிக்கப்பட்டார். நன்னடத்தை விதிகளை மீறியதற்காக அவரைக் கைது செய்ய, 1983 பெப்ரவரி 13 அன்று மெடினா என்ற ஊருக்கு அருகே நடுவண் அரசின் மார்ஷல்கள் சென்றனர். அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு மார்ஷல்கள் கொல்லப்பட்டனர். தப்பிய கால், அதே ஆண்டு ஜூன் மாதம் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்த மற்றொரு மோதலில் இறந்தார். அம்மோதலில் உள்ளூர் ஷெரிப் ஒருவரும் உயிரிழந்தார்.

1990களில் மொன்ட்டானா ஃப்ரீமென் என்ற குழு, ஜோர்டான் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள பண்ணையொன்றில் தனக்கெனத் தனி நீதிமன்றம் அமைத்துக்கொண்டது. போலிக் காசோலைகளை வெளியிட்ட இக்குழு, அவற்றை உருவாக்கும் முறையைப் பிறருக்கும் கற்பித்தது. 1996 மார்ச் 25 இல் தொடங்கிய எஃப்.பி.ஐ. முற்றுகை 81 நாட்கள் நீடித்து, ஜூன் 13 அன்று உயிர்ச்சேதம் இன்றி முடிந்தது. 1993 இல் டெக்சாஸ் மாநிலம் வேக்கோவில் நடந்த முற்றுகை பெரும் உயிரிழப்பில் முடிந்திருந்ததால், அதிகாரிகள் இம்முறை பொறுமையைக் கடைப்பிடித்தனர். குழுவின் தலைவர் லிரோய் சுவைட்சர் நீண்ட சிறைத்தண்டனை பெற்று, 2011 இல் சிறையிலேயே இறந்தார்.

2008 இன் நிதி நெருக்கடியில் ஏராளமானோர் வீடுகளை இழந்தபோதும், 2020 இன் கொரோனா பெருந்தொற்றுக் காலத்திலும் இக்கருத்துக்களுக்குப் புதிய ஆதரவாளர்கள் கிடைத்தனர். 2010களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 3,00,000 பேர் இவற்றை ஏதோ ஒரு வகையில் பின்பற்றியதாக, தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்கும் தென்னக வறுமைச் சட்ட மையம் மதிப்பிட்டது.

அடிப்படை நம்பிக்கைகள்

இருவகைக் குடியுரிமை

அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் 1868 இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் உட்பட, அந்நாட்டின் ஆட்சி எல்லைக்கு உட்பட்டு அங்கு பிறந்தோர்க்கு இது குடியுரிமை அளித்தது. இத்திருத்தத்தால் உருவானது கீழ்நிலைக் குடியுரிமை என்றும், அதற்கு முன்பே இருந்த இறையாண்மைக் குடியுரிமை தமக்கு உண்டு என்றும் இயக்கத்தினர் கூறினர். வெள்ளையர் மட்டுமே உண்மைக் குடிமக்கள் என்பதே இதன் தொடக்கக்காலப் பொருள்.

எனினும், 1990களில் கறுப்பின அமெரிக்கர் சிலரும் இக்கோட்பாட்டை மாற்றியமைத்து ஏற்றனர். தம்மை மூர்கள் என அழைத்துக்கொள்ளும் இவர்கள், அமெரிக்காவும் மொரோக்கோவும் 1786 இல் செய்துகொண்ட நட்புறவு ஒப்பந்தம் தமக்கு விலக்கு அளிப்பதாகக் கூறுகின்றனர். இன்று இவ்வியக்கத்தைப் பின்பற்றுவோர் பலருக்கு அதன் இனவாதத் தோற்றம் தெரியாது.

வைக்கோற் பொம்மைக் கோட்பாடு

1933 இல் அமெரிக்க அரசு, காகித நாணயத்தைப் பொதுமக்கள் தங்கமாக மாற்றிக்கொள்ளும் வசதியை நிறுத்தியது. அன்று அரசு திவாலாகி, தன் குடிமக்களையே கடனுக்கு ஈடாக வைத்தது என்பது இக்கோட்பாட்டின் தொடக்கம். ஒவ்வொரு குழந்தைக்கும் பிறப்புச் சான்றிதழ் வழங்கும்போது அக்குழந்தையின் பெயரில் சட்டப் பொம்மை ஒன்று உருவாக்கப்படுகிறதாம். அதன் பெயரில் கருவூலத்தில் பெருந்தொகை கொண்ட இரகசியக் கணக்கும் உண்டாம்.

அரசு ஆவணங்களில் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் இருந்தால் அது பொம்மையைக் குறிக்கும் என்றும், முதலெழுத்து மட்டும் பெரியதாக இருந்தால் உயிருள்ள மனிதரைக் குறிக்கும் என்றும் கூறப்படுகிறது. வரியும் கடனும் வழக்கும் பொம்மையையே சேரும், மனிதரைச் சேரா. இதற்கெனக் குறிப்பிட்ட படிவங்களைத் தாக்கல் செய்தால் இரகசியக் கணக்கிலிருந்து கடனை அடைக்கலாம் என்பது மீட்புக் கோட்பாடு எனப்படுகிறது. இதனை 1980களில் பரப்பியவர்களுள் ரோஜர் எல்விக் முதன்மையானவர்.

உண்மையில் அப்படியொரு கணக்கு இல்லை. படிவங்களில் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சிடுவது படிப்பதற்குத் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கமே அன்றி, அதற்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை.

ஒப்பந்தமாகச் சட்டம்

சட்டம் என்பது அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையிலான வணிக ஒப்பந்தம் என்பதே எல்லா வாதங்களுக்கும் அடித்தளம் ஆகும். ஒப்பந்தம் எனில் மறுக்கவும் இயல வேண்டும். எனவே இயக்கத்தினர் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பி அனுப்புகின்றனர். கையொப்பத்தின் கீழ் உரிமைகளுக்குப் பாதிப்பின்றி என்று எழுதுகின்றனர். நீதிமன்றத்தில் தம் பெயரை ஏற்க மறுக்கின்றனர். ஓட்டுதல் என்பது கூலிக்குச் செய்யும் வணிகம், தாம் செய்வது வெறும் பயணம், ஆகவே உரிமம் தேவையில்லை என்று போக்குவரத்துக் காவலரிடம் வாதிடுவது பரவலாகக் காணப்படுகிறது. நீதிமன்றத்தில் உள்ள கொடிக்குப் பொன்னிற விளிம்பு இருந்தால், அது கடற்சட்ட நீதிமன்றம், நிலத்தில் வாழ்வோர் மீது அதற்கு அதிகாரமில்லை என்ற வாதமும் உண்டு. அவ்விளிம்பு வெறும் அலங்காரமே ஆகும்.

காகிதத் தாக்குதல்

தமக்கு எதிராகச் செயற்பட்ட நீதிபதி, காவலர், எழுத்தர் ஆகியோர் தமக்குப் பெருந்தொகை கடன்பட்டிருப்பதாகப் போலி ஆவணம் தயாரித்து, அவர்களது சொத்தின் மீது பிடியுரிமை பதிவு செய்வது இயக்கத்தினரின் முக்கிய ஆயுதம் ஆகும். பல மாநிலங்களில் பதிவு அலுவலகம் ஆவணத்தைப் பெற்றுக்கொள்ளுமே தவிர, அதன் உண்மையை ஆராய்வதில்லை. பாதிக்கப்பட்டவர் வீட்டை விற்கவோ கடன் பெறவோ முயலும்போதுதான் பதிவு வெளிப்படும். அதனை நீக்க அவரே வழக்காட வேண்டியுள்ளது. நடுவண் அரசின் நீதிபதிகள், அலுவலர்கள் மீது இவ்வாறு போலிப் பிடியுரிமை பதிவு செய்வோருக்குப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் 2008 இல் நடைமுறைக்கு வந்தது.

நீதிமன்றங்களின் நிலைப்பாடு

ஒரு நாட்டின் எல்லைக்குள் இருப்பவர் மீது அந்நாட்டுச் சட்டம் செல்லும். அதற்குத் தனிமனிதரின் ஒப்புதல் தேவையில்லை என்பது நீதிமன்றங்களின் அடிப்படை விடை ஆகும். திருடியவர், திருட்டுச் சட்டத்தில் தான் கையொப்பமிடவில்லை என்று கூறித் தப்ப இயலாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1991ஆம் ஆண்டு சீக் வழக்கு, நம்பிக்கைக்கும் சட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த முக்கிய தீர்ப்பு ஆகும். வரி அறிக்கை அளிக்காத விமானி ஒருவர், ஊதியம் வருமானம் ஆகாது என்று தாம் உண்மையாகவே நம்பியதாகக் கூறினார். வரிச்சட்டம் சிக்கலானது என்பதால், ஒருவர் அதனை உண்மையிலேயே தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், அப்புரிதல் அறிவுக்கு ஒவ்வாததாக இருந்தாலும் வேண்டுமென்றே குற்றம் செய்தவர் ஆகமாட்டார் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் வரிச்சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதிடுபவர், அச்சட்டம் தன்னிடம் எதைக் கேட்கிறது என்பதை அறிந்தே மீறுகிறார். அவருக்கு இப்பாதுகாப்பு இல்லை. மறுவிசாரணையில் விமானி மீண்டும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டார்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், 2012 இல் மீட்ஸ் எதிர் மீட்ஸ் என்ற மணமுறிவு வழக்கில் நீதிபதி ஜான் ரூக் வழங்கிய நீண்ட தீர்ப்பு, இவ்வாதங்கள் ஒவ்வொன்றையும் வகைப்படுத்தி மறுத்தது. இவற்றைப் பணத்துக்கு விற்கும் ஆசான்களை அத்தீர்ப்பு கடுமையாகக் கண்டித்தது. பிற நாட்டு நீதிமன்றங்களும் இதனை எடுத்தாண்டுள்ளன.

2021 நவம்பர் 21 அன்று விஸ்கொன்சின் மாநிலம் வாக்கிஷாவில், நத்தார் ஊர்வலத்தில் வாகனத்தைச் செலுத்தி ஆறு பேரைக் கொன்ற டாரல் புரூக்ஸ், 2022 இல் வழக்கறிஞரை விலக்கித் தானே வாதாடினார். நீதிமன்றத்தின் அதிகாரத்தை வினவுவதிலும், தன் பெயரை மறுப்பதிலும் விசாரணையின் பெரும்பொழுது சென்றது. 76 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்ட அவருக்கு ஆறு வாழ்நாள் சிறைத்தண்டனைகள் விதிக்கப்பட்டன.

பின்பற்றுவோரும் இழப்புக்களும்

இயக்கத்துக்கு வருவோரில் கடன், மணமுறிவு, வீட்டை இழத்தல், ஓட்டுநர் உரிமம் பறிபோதல் போன்ற சிக்கல்களில் இருப்பவர்கள் பலர். கருத்தரங்கக் கட்டணம், படிவத் தொகுதி, ஒளிப்பதிவுகள் ஆகியவற்றுக்கு இவர்கள் பணம் செலுத்துகின்றனர். படிவம் பயனளிக்காதபோது, ஒரு சொல்லோ நிறுத்தற்குறியோ தவறியதே காரணம் என்று விற்றவர் கூறிவிடுவார். தோல்வியால் கோட்பாடு பொய்க்காதிருப்பது இவ்வாறே.

இதற்கிடையில் கட்டவேண்டிய அபராதம் வளர்கிறது. தவணைக்கு இணங்கும் வாய்ப்பும் கடந்துவிடுகிறது. வழக்கில் உண்மையான எதிர்வாதம் இருந்தாலும் அது நீதிபதியின் முன் வைக்கப்படாமலே போகிறது.

சில வேளைகளில் இழப்பு உயிராகவும் அமைகிறது. 2010 மே 20 அன்று ஆர்கன்சா மாநிலம் மேற்கு மெம்பிசில், கடன் தீர்க்கும் கருத்தரங்குகளை நடத்திவந்த ஒருவரும் அவரது 16 அகவை மகனும் சென்ற வாகனத்தைக் காவலர்கள் நிறுத்தினர். அங்கு இரண்டு காவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் தந்தையும் மகனும் காவல்துறையுடனான மோதலில் இறந்தனர். இயக்கத்தினரில் மிகப் பெரும்பாலோர் வன்முறையில் ஈடுபடாதவர்கள் எனினும், சாலையோர வாகனச் சோதனை ஆபத்தான தருணமாகக் கருதப்படுகிறது.

பிற நாடுகளில்

ஜெர்மனியில் ரைக்ஸ்பூர்கர் எனப்படுவோர், பழைய ஜெர்மன் பேரரசு இன்றும் சட்டப்படி நிலைத்திருப்பதாகவும், இன்றைய குடியரசு ஒரு வணிக நிறுவனம் மட்டுமே என்றும் நம்புகின்றனர். ஜெர்மன் மொழியில் அடையாள அட்டைக்குப் பெர்சனால் என்று தொடங்கும் பெயர் உள்ளது. அச்சொல்லுக்குப் பணியாளர்கள் என்ற பொருளும் உண்டு. குடிமக்கள் அந்நிறுவனத்தின் பணியாளர்கள் என்பதற்கு இதுவே சான்று என்கின்றனர். 2016 அக்டோபரில் கேயோர்கென்ஸ்க்முயென்ட் என்ற ஊரில் இவர்களுள் ஒருவரின் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யச் சென்ற காவலர் கொல்லப்பட்டார். 2022 டிசம்பரில் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி தொடர்பாக 25 பேர் கைது செய்யப்பட்டனர்.

பிரித்தானியாவில், 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவின் 61ஆம் பிரிவு அரசை எதிர்க்கும் உரிமையைத் தருவதாகக் கூறி, 2020 இல் கடைக்காரர்கள் சிலர் ஊரடங்கை மீறினர். அப்பிரிவு 25 பிரபுக்களுக்கு மட்டும் அதிகாரம் அளித்தது. 1216 இல் அப்பட்டயம் மீண்டும் வெளியிடப்பட்டபோதே அது நீக்கப்பட்டது.

சட்டமறுப்பிலிருந்து வேறுபாடு

காந்தி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோர் மேற்கொண்ட சட்டமறுப்பும் இவ்வியக்கமும் ஒன்றல்ல. சட்டமறுப்பாளர் ஒரு சட்டம் தம்மைக் கட்டுப்படுத்துகிறது என்பதை ஏற்றுக்கொண்டு, அது அநீதியானது என்பதால் வெளிப்படையாக மீறித் தண்டனையை ஏற்கிறார். 1922 இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டு, உயர்ந்தபட்ச தண்டனையைக் கேட்டார். சட்டம் எல்லோருக்கும் மாறவேண்டும் என்பது சட்டமறுப்பின் நோக்கம். இறையாண்மைக் குடிமகனோ சட்டத்தைப் பிறருக்கு விட்டுவிட்டுத் தனக்கு மட்டும் விலக்குக் கோருகிறார்.

இவற்றையும் பார்க்கவும்

சட்டமறுப்பு
மாக்னா கார்ட்டா
இறையாண்மை
ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பு