நறுமணமும் நாணயமும்

சென்ற ஆண்டு ஒரு மாலை, முன்னொரு காலத்தில் என்னிடம் ஓதிய மாணவி ஒருவர் தம் தாயாருடன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். கையில் ஒரு சிறு கூடை. அதில் அவரே வீட்டில் காய்ச்சி வார்த்த சவர்க்காரக் கட்டிகள் நான்கு, மெழுகுவர்த்திகள் இரண்டு, சுண்டுவிரல் உயரக் குப்பிகளில் அத்தர் மூன்று. கணவரின் வருவாய் போதாத நிலையில், இவற்றை விற்றுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சரிக்கட்ட எண்ணியிருந்தார். கூடையை வைத்துவிட்டுத் தயங்கியபடி கேட்டார்:

"ஹஜ்ரத், மணத்துக்கு ஊற்றும் எண்ணெயைப் பட்டணத்திலிருந்து வாங்குகிறேன். ஒரு புட்டியில் 'கஸ்தூரி' என்று எழுதியிருக்கிறது. விலையோ மிகக் குறைவு. இதில் கஸ்தூரி இருக்குமா? என் குப்பியின்மேல் நான் 'கஸ்தூரி அத்தர்' என்று எழுதி விற்கலாமா?"

ஒரே வரியில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆயினும், அவர் கேட்ட கேள்விக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். பக்தாதின் கடைத்தெருக்களில் கேட்கப்பட்ட அதே கேள்விதான் இன்று நம் அடுக்களையில் கேட்கப்படுகிறது. ஆகவே, அந்த வரலாற்றையே விடையாகச் சொன்னேன். அன்று சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

மணத்தைச் சுமக்கும் எண்ணெய்

'இத்ர்' என்னும் அரபுச் சொல்லே நம் நாவில் 'அத்தர்' ஆயிற்று. நறுமணப் பொருள் விற்பவர் 'அத்தார்'. அவர் வெறும் மணப்பொருள் வணிகர் அல்லர். மருந்துச் சரக்குகளும் அவர் கடையில்தான் கிடைத்தன. பாரசீக ஸூஃபிக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாருக்கு அப்பெயர் வாய்த்ததும் இத்தொழிலால்தான். மணமும் மருந்தும் ஒரே தராசில் நிறுக்கப்பட்ட கடை அது. அங்கே நடக்கும் கலப்படம் மூக்கை ஏமாற்றுவதோடு நிற்காது. நோயாளியின் உயிரையும் தொடும்.

அக்கால அரபு நறுமணங்களில் தலைசிறந்தது 'ஃகாலியா'. கஸ்தூரியையும் அம்பரையும் அரைத்து 'பான்' மரத்து விதையின் எண்ணெயில் குழைத்துச் செய்வது அது. நம் இல்லங்களில் ஓதப்படும் கஸீதத்துல் புர்தாவின் தொடக்க அடிகளிலேயே இந்த பான் மரம் வருகிறது. எண்ணெய் தரும் பான் வேறெதுவும் அன்று. நம் கொல்லை முருங்கையின் இனத்தைச் சேர்ந்த அரபு நாட்டு மரமே.

விலைமதிப்பற்ற கஸ்தூரிக்கு இந்த எண்ணெயை ஏன் தேர்ந்தார்கள்? அதற்குத் தனக்கென்று பெரிதாக மணம் கிடையாது. நாட்பட்டாலும் எளிதில் சிக்கேறாது. பிறர் மணத்தைத் தன்னுள் ஏற்று, உடற்சூட்டில் சிறிது சிறிதாக வெளிவிடும். தன்னை மறைத்துக்கொண்டு பிறனைச் சுமக்கும் நல்ல தோழனைப் போன்றது. இன்றும் வீட்டில் அத்தர் கூட்டுவோர் மணமில்லாத, சிக்கேறாத எண்ணெயொன்றையே அடியாகக் கொள்கிறார்கள். முறை மாறவில்லை, மூலப்பொருள்தான் மாறியிருக்கிறது.

தத்துவ ஞானியின் செய்முறை ஏடு

'அரபிகளின் தத்துவ ஞானி' எனப் போற்றப்படும் அல்கிந்தீ கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர். கணிதம், இசை, மருத்துவம், வானியல் எனப் பல துறைகளில் எழுதிய அப்பேரறிஞரின் பெயரால் 'கிதாபு கீமியாஇல் இத்ரி வத்தஸ்ஈதாத்' என்றொரு நூல் வழங்குகிறது. நறுமண இரசாயனமும் வாலைவடித்தலும் பற்றிய நூல் என்பது பொருள். இதனை 1948இல் கார்ல் கார்பர்ஸ் என்பவர் ஜெர்மன் மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். இதில் 107 செய்முறைகள் உள்ளன. வாலைக்கு அரபுகள் வழங்கிய 'அல்அன்பீக்' என்ற பெயரே ஐரோப்பிய மொழிகளில் 'அலெம்பிக்' எனப் புகுந்தது.

இந்நூலில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அச்செய்முறைகளுள் பல, விலையுயர்ந்த பொருள்களைப் போன்ற போலிகளைச் செய்வதற்கானவை. கஸ்தூரி போன்றதொரு கஸ்தூரி, அம்பர் போன்றதோர் அம்பர்! தத்துவ ஞானி பொய்ச் சரக்குக்கு வழிகாட்டினாரா என்று வாசகர் திடுக்கிடலாம்.

சற்றுப் பொறுமையாக எண்ணிப் பார்ப்போம். கஸ்தூரி, இமயமலைப் பகுதியிலும் திபெத்திலும் திரியும் ஆண் கஸ்தூரி மானின் சுரப்பிப் பையில் ஊறுவது. அம்பரோ எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து கரை சேர்வது. இரண்டும் செல்வர்க்கே எட்டும் பொருள்கள். எளியவனும் மணம் பூச விரும்பினால், அதைப் போன்ற ஒன்றைச் செய்துகொள்வதில் குற்றம் என்ன? குற்றம் செய்பொருளில் இல்லை; அதற்குச் சூட்டும் பெயரில் இருக்கிறது. போலியைப் போலியென்று சொல்லி விற்பவன் வணிகன். அசலென்று சொல்லி விற்பவன் வஞ்சகன். நூலாசிரியரின் நோக்கம் எதுவாயினும், போலி செய்யும் வழியை அறிந்தவனுக்கே போலியைக் கண்டுபிடிக்கும் வழியும் புலனாகும்.

முஹ்தஸிபின் விரல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர்கள் கூறவில்லை. நனைந்ததை மறைக்காதே என்றே கூறினார்கள். இவ்வேறுபாடு மிகவும் நோக்கற்பாலது.

பிற்காலத்தில் நகரந்தோறும் சந்தையைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரி அமர்த்தப்பட்டார். 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ இவ்வதிகாரிகளுக்கெனவே ஒரு கையேடு எழுதினார். அதில் அத்தார்களின் கலப்படங்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. வேகவைத்த இறைச்சியை இழையிழையாகக் கிழித்துச் சாயமேற்றிக் குங்குமப்பூவுடன் கலக்கும் தந்திரம் முதலாகப் பலவற்றை அது எடுத்துரைக்கிறது. அல்கிந்தீயின் ஏட்டையும் அஷ்ஷைஸரீயின் கையேட்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும்: நறுமணக் கலை வளர்ந்த வேகத்திலேயே நாணயத்தைக் காக்கும் கலையும் வளர்ந்தாக வேண்டியிருந்தது.

அரண்மனையிலிருந்து அடுக்களைக்கு

பாரசீகத்து ஜூர் நகரின் பன்னீர் அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றது. ஃபார்ஸ் மாநிலம் பக்தாதுக்குச் செலுத்திய வரியில் 30,000 குப்பிப் பன்னீரும் அடங்கும் என்று இப்னு கல்தூன் குறித்துள்ளார். டமாஸ்கஸை அடுத்த அல்மிஸ்ஸாவில் ரோஜாவை வடித்த வாலைகளை 1327இல் மறைந்த அத்திமிஷ்கீ படத்துடன் விளக்கியிருக்கிறார்.

மணத்தை மெழுகுவர்த்தியில் ஏற்றும் வழக்கமும் புதிதன்று. கலீஃபா மஃமூன் கி.பி. 825இல் பூரானை மணந்த இரவில் 40 மன் எடையுள்ள அம்பர் மெழுகுவர்த்தி பொன் தாங்கியில் ஏற்றப்பட்டதாகத் தபரீ எழுதுகிறார். ஒரு மன் இரண்டு ராத்தல். ஆக, 30 கிலோவுக்கும் மிகுதி. அதைக் கண்ட கலீஃபாவே 'இது வீண் விரயம்' என முகம் சுளித்தாராம்.

ஆனால் நறுமண வரலாற்றின் பெரிய நிகழ்வுகள் எல்லாம் அரசவையில் நிகழவில்லை. முகலாய மன்னர் ஜஹாங்கீர் (ஆட்சி 1605–1627) தம் நினைவேட்டில் ஒரு செய்தி தருகிறார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் செய்துகொண்டிருந்தபோது, சூடான பன்னீரை ஊற்றிய தட்டுகளின் மேல் ஏடு போன்ற ஒரு படலம் படிவதைக் கவனித்தார். வேறொருவர் அதனை அழுக்கென்று வழித்து எறிந்திருப்பார். அவரோ சிறிது சிறிதாகச் சேர்த்தார். அதுவே ரோஜா அத்தர். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் அவை முழுதும் மணக்கும் என்று வியந்த மன்னர் அவருக்கு முத்துமாலை பரிசளித்தார். வீட்டில் மணம் கூட்டும் பெண்மணிகள் எண்ணிப் பெருமைப்படத்தக்க முன்னோடி அவர்.

அத்தருக்குப் பெயர்போன கன்னோஜ் நகரில் இன்றும் பழைய முறை வாழ்கிறது. 'டேக்' என்னும் செப்புப் பாண்டத்தில் மலரையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, மூங்கில் குழாய் வழியே ஆவியைக் கீழேயுள்ள 'பப்கா'வில் இறக்குகிறார்கள். பப்காவில் முன்னரே சந்தன எண்ணெய் காத்திருக்கும். நாள்தோறும் புதுமலர் மாற மாற, மணம் சந்தனத்தில் ஏறிக்கொண்டே போகும். அச்சந்தனம் பெரும்பாலும் நம் தென்னாட்டு மலைகளில் விளைந்தது. சந்தனம் அரிதாகி விலை ஏறியபின், பலர் அதற்கு ஈடாக லிக்விட் பாரஃபின் என்னும் கனிம எண்ணெயைப் பயன்படுத்தலாயினர். அங்கும் எழுவது நம் பழைய கேள்வியே: வாங்குபவரிடம் அதைச் சொன்னார்களா?

சவர்க்காரத்தில் மணம்

ஏமனை ஆண்ட மன்னர் அல்முளஃப்பர் யூஸுஃப் (மறைவு 1295) பெயரால் வழங்கும் ஏட்டில் நல்லெண்ணெய், காரம், சுண்ணாம்பு கொண்டு சவர்க்காரம் காய்ச்சும் முறை காணப்படுகிறது. அலெப்போவில் ஆலிவ் எண்ணெயைக் காரநீரில் நாட்கணக்கில் காய்ச்சி, இறுதிக் கட்டத்தில்தான் 'ஃகார்' எனும் மணமரத்தின் எண்ணெயைச் சேர்ப்பார்கள். பின்னர் தரையில் பரப்பி, கட்டிகளாக அறுத்து, தயாரித்தவரின் முத்திரையைக் குத்தி, மாதக்கணக்கில் உலர்த்துவார்கள். பலஸ்தீனத்து நாபுலஸ் சவர்க்காரமோ மணமே ஏற்றாத தூய ஆலிவ் கட்டி. இவ்விரு ஊர்களின் கைத்தொழில்களும் 2024இல் யுனெஸ்கோவின் மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றன.

இதிலிருந்து இல்லத்தரசிகள் பெறும் பாடம், மணம் கடைசியில் வரவேண்டும் என்பது. காரமும் சூடும் மணத்தைத் தின்றுவிடும். மலர் மண எண்ணெய் சில, கூழைத் திடீரென இறுகச் செய்யும். வெனிலா மணம் கட்டியைப் பழுப்பாக்கும். ஆதலால் சிறு அளவில் சோதித்த பின்னரே பெரிதாகக் காய்ச்சுதல் நன்று.

ஆய்வுக்கூடத்துக் கஸ்தூரி

இனி, மாணவியின் புட்டிக்கு வருவோம். 1868இல் இங்கிலாந்தில் பெர்கின், காய்ந்த புல்லின் மணமுடைய கூமரினைச் செயற்கையாக ஆக்கினார். 1874இல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் வெனிலாவின் மணப்பொருளான வெனிலினை ஆக்கினர். 1888இல் ஆல்பர்ட் பாவர் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது கஸ்தூரி மணம் வீசும் பொருளொன்று தற்செயலாய்ப் பிறந்தது. இவ்வாறு பெருகிய மணப்பொருள்களைக் கூட்டிச் செய்வதே இன்று மலிவாய்க் கிடைக்கும் வாசனை எண்ணெய். அதில் மானும் இல்லை, மலையும் இல்லை. ஒருவகையில் இது நன்மையே. அருகிவரும் கஸ்தூரி மானை நம் ஆசைக்காகக் கொல்ல வேண்டியதில்லை.

எனினும், எல்லா எண்ணெயும் எல்லாவற்றுக்கும் ஆகாது. மெழுகுக்கென விற்பதை மேனியில் பூசக்கூடாது. 100 கிராம் மெழுகுக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 கிராம் வரை சேர்ப்பர். சவர்க்காரத்துக்கு அதனினும் குறைவே. பாவர் வழியில் தோன்றிய பழைய செயற்கைக் கஸ்தூரிகளுள் சில தீங்கானவை எனக் கண்டு பின்னர் விலக்கப்பட்டன. எனவே, புட்டியில் உள்ளது எதற்கு உரியது, எவ்வளவு ஆகும் என்று விற்பவரிடம் கேட்டறிவது வாங்குவோர் கடமை. சொல்வது விற்போர் கடமை.

இவ்வளவும் கேட்டபின் மாணவி வினவினார்: "அப்படியானால் என்ன எழுதுவது, ஹஜ்ரத்?"

"உள்ளதை எழுதுங்கள், மகளே. 'கஸ்தூரி மணம், செயற்கை எண்ணெயில் செய்தது' என்று எழுதுங்கள்."

"விற்பனை குறையாதா?"

"குறையலாம்" என்றேன். வேறென்ன சொல்வது? வணிகத்தில் உண்மைக்கு ஒரு விலையுண்டு. அதைச் செலுத்துபவர் அவர், நான் அல்லன். அவர் தாயார் ஒன்றும் பேசாமல் கூடையை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, மாணவி ஒரு குப்பியை எனக்கு அனுப்பியிருந்தார். அதில் ஒட்டியிருந்த சிறு தாளில், அழகிய கையெழுத்தில், 'செயற்கை' என்ற சொல் மற்றச் சொற்களின் அளவிலேயே எழுதப்பட்டிருந்தது. ஈரத்தை மேலே வைத்திருந்தார். அன்று ஜும்ஆவுக்கு அதைத்தான் பூசிச் சென்றேன்.