கழுத்துல நெறி கட்டியிருக்கா? தேய்க்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கல்லை வெச்சு கன்னத்தைத் தேய்ச்சா முகம் 'ஸ்லிம்' ஆகிடும்னு சொல்லும் 'லிம்ஃபாட்டிக் டிரெய்னேஜ்' ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். இதே பெயரில் புற்றுநோய் மருத்துவத்திலும் ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆனால், இரண்டும் ஒன்றல்ல. கழுத்தில் ஒரு கட்டி இருக்கும்போது அதை ரீல்ஸ் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தால், வீணாகப்போவது சிகிச்சைக்கான பொன்னான நேரம்!

நிணநீர் எங்கே போகுது?

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும்னு பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதே லாஜிக்தான் கழுத்திலும். ரத்தக்குழாய்களிலிருந்து கசியும் நீரில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் சேகரித்து, மறுபடியும் ரத்தத்தில் சேர்க்கின்றன. வழியில் இருக்கும் நிணநீர்க் கணுக்கள்தான் வடிகட்டி. உடலில் உள்ள கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தலை மற்றும் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன.

முகத்துக்கு ஒரு ரூட் மேப்

* நெற்றி, தலையின் முன்பகுதி: பெரும்பாலும் காதுக்கு முன்னால் உள்ள கணுக்களுக்கு.
* பின்தலை: பிடரியில் உள்ள கணுக்களுக்கு.
* மூக்கு, மேலுதடு, கன்னம்: தாடை எலும்புக்குக் கீழே.
* கீழுதட்டின் நடுப்பகுதி, முகவாய்: முகவாய்க்கு அடியில்.

கடைசியில் எல்லாமே கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய ஆழமான கணுக்களுக்கு வந்து சேரும். அதனால் கழுத்தில் கட்டி வந்தால் டாக்டர் உங்கள் உச்சந்தலை, காது, வாய், தொண்டை என்று எல்லாவற்றையும் பார்ப்பார். பிரச்னை ஓரிடம், வீக்கம் வேறிடமாக இருக்கலாம்.

காவல்காரக் கணு

தோலில் வரும் மெலனோமா போன்ற புற்றுநோய்கள் இந்தக் குழாய்கள் வழியாகப் பரவலாம். கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவுக்கு 'சென்டினல் நோடு', அதாவது காவல்காரக் கணு என்று பெயர். அமெரிக்க சர்ஜன் டொனால்டு மார்ட்டன் குழு, நீலச் சாயம் செலுத்தி அதைக் கண்டுபிடிக்கும் முறையை 1992-ல் வெளியிட்டது. இப்போது குறைந்த அளவு கதிரியக்க மருந்தும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். தலை, கழுத்தில் நிணநீரின் பாதை ஆளுக்கு ஆள் மாறும். நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம்கூடப் போகும். அதனால்தான் இங்கே இந்த ஸ்கேன் ரொம்ப முக்கியம்.

1906-ல் ஜார்ஜ் கிரைல் விவரித்த அறுவை சிகிச்சையில், கணுக்களோடு கழுத்தின் பெரிய தசை, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் எடுத்தார்கள். இன்று முடிந்தவரை தசை, நரம்பைக் காப்பாற்றுகிறார்கள்.

அப்போ மசாஜ் எதுக்கு?

கணுக்களை எடுத்த பிறகோ, கதிர்வீச்சுக்குப் பிறகோ நிணநீர் வடிய வழியில்லாமல் முகவாய்க்கு அடியிலும் முகத்திலும் வீக்கம் வரலாம். காலையில் எழுந்ததும் அது அதிகமாகத் தெரியும். சிலருக்கு விழுங்குவதும் பேசுவதும்கூடக் கஷ்டமாகும். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், தோலை மட்டும் மெதுவாக நகர்த்தி, அடைபடாத பாதைக்கு நீரைத் திருப்பிவிடுவார். இதில் அழுத்தித் தேய்ப்பதே கிடையாது. கூடவே உடற்பயிற்சியும் அழுத்தம் தரும் பட்டைகளும் இருக்கும். டாக்டரின் அனுமதியோடுதான் ஆரம்பிக்க வேண்டும்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

பயப்படாதீங்க. நெறி கட்டுவதற்குப் பெரும்பாலும் தொண்டை வலி, சொத்தைப்பல், தலையில் புண் போன்றவைதான் காரணம். நம் நாட்டில் டி.பி-யும் ஒரு காரணம். ஆனால், இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க.

* 2 வாரத்துக்கு மேலும் கரையாத கட்டி.
* வலியே இல்லாமல், கெட்டியாக, நகராமல் இருப்பது.
* ஆறாத வாய்ப்புண், மாறிக்கொண்டே வரும் மச்சம், 3 வாரத்துக்கும் மேல் கரகரப்பான குரல்.
* காறை எலும்புக்கு மேலே வரும் எந்தக் கட்டியும்.

மெல்லிய ஊசி மூலம் செய்யும் எஃப்.என்.ஏ.சி டெஸ்ட்டிலேயே பல நேரம் விடை கிடைத்துவிடும். வலி இல்லைன்னா ஆபத்தில்லைன்னு மட்டும் நினைக்காதீங்க. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்டணும்!