எந்தப் பக்கம் பலசாலி? அமெரிக்க ஃபுட்பாலின் அறுபது வருஷச் சண்டை

இன்னைக்குக் கதையைக் காலி இருக்கைகள்ல இருந்து தொடங்கலாம். சுமார் முப்பதாயிரம் காலி இருக்கைகள்.

1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சல்ஸ் கொலீசியம். தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய மைதானம். வந்தவர்கள் 62 ஆயிரம் பேர் கூட இல்லை. அன்னைக்கு நடந்த மேட்சைத்தான் இன்னைக்கு 'முதல் சூப்பர் பௌல்'னு சொல்றாங்க. இப்போ உலகமே பார்க்கிற அந்த மேட்சுக்கு அப்போ டிக்கெட் விற்றுத் தீரவில்லை. காரணம் ரொம்ப எளிமை. ரிசல்ட் முன்கூட்டியே தெரியும்னு நிறைய பேர் நினைச்சாங்க.

ஏன் அப்படி நினைச்சாங்க? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

நாம பேசுறது கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அதன் பெரிய லீக் என்எஃப்எல், 1920-லிருந்து இருக்கு. 1950-களின் கடைசியில் லமார் ஹன்ட்னு ஒரு இளைஞர், டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர் ஒருவரின் மகன், இந்த லீகுக்குள் நுழைய ஒரு டீம் வாங்கப் பார்த்தார். கிடைக்கவில்லை. சரி, கதவைத் திறக்கலைன்னா நாமளே வீடு கட்டிக்கலாம்னு இன்னும் சில பேரைச் சேர்த்துக்கொண்டு புது லீக் ஆரம்பித்தார். அதுதான் ஏஎஃப்எல். 1960-ல் எட்டு டீம்களோடு ஆட்டம் தொடங்கியது.

பழைய லீக் இதை ஏளனமாத்தான் பார்த்தது. ஆனா புது லீக் சில விஷயங்களைத் துணிந்து செய்தது. டிவி வருமானத்தை எல்லா டீம்களும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டன. பழைய லீக் அதிகம் கண்டுகொள்ளாத கறுப்பினக் கல்லூரிகளில் வீரர்களைத் தேடினார்கள். பக் புக்கானன்னு ஒருத்தர், கிராம்ப்ளிங் கல்லூரி மாணவர். 1963-ல் ஏஎஃப்எல் வீரர் தேர்வில் முதல் பெயரே அவருடையதுதான். அதே வருஷம் என்எஃப்எல் தேர்வில் அவர் பெயர் வந்தது பத்தொன்பதாவது சுற்றில்! ஒரே ஆள், ரெண்டு லீக், ரெண்டு கண்.

அதனால 'எந்த லீக் பலசாலி' என்கிற கேள்வி வெறும் டீக்கடை வாக்குவாதம் இல்லை. 'நீ இரண்டாம் தரம்'னு சொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களோட மரியாதை அதில் இருந்தது.

பிரச்சினை என்னன்னா, ஒப்பிட வழியே இல்லை. ஆறு சீசன் வரைக்கும் ரெண்டு லீகும் மோதவே இல்லை. வீரர்களை இழுக்கிற போட்டியில் சம்பளம் எகிறவே, 1966 ஜூனில் ரெண்டு பேரும் சமாதானம் பேசி இணைய ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் கொலீசியம் மேட்ச். கிரீன் பே பேக்கர்ஸ் 35, கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 10. அடுத்த வருஷமும் பேக்கர்ஸ்தான், ரெய்டர்ஸை 33-14-னு அடித்தார்கள். 'நாங்கதான் சொன்னோமே' என்றது பழைய லீக்.

மூணாவது வருஷம் வந்தது பால்டிமோர் கோல்ட்ஸ். 14 லீக் மேட்ச்சில் 13 வெற்றி. எதிரில் நியூயார்க் ஜெட்ஸ். பந்தயக்காரர்கள் கணக்குப்படி கோல்ட்ஸ் 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கணும். மேட்சுக்கு மூணு நாள் முன்னாடி ஜெட்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ நேமத், 'நாங்க ஜெயிப்போம், நான் உத்தரவாதம் தர்றேன்'னு எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டார். 1969 ஜனவரி 12, மயாமி: ஜெட்ஸ் 16, கோல்ட்ஸ் 7. ஜெட்ஸ் கோச் வீப் யூபேங்க் யார் தெரியுமா? சில வருஷம் முன்னாடி இதே கோல்ட்ஸ் வேலையை விட்டு அனுப்பிய ஆள்.

'ஒரு தடவை குருட்டு அதிர்ஷ்டம்'னு சொல்லலாம் இல்லையா? சொன்னாங்க. அடுத்த வருஷம் மினசோட்டா வைக்கிங்ஸ்தான் ஜெயிக்கும்னு கணித்தார்கள். லமார் ஹன்டோட சீஃப்ஸ், சட்டையில் தங்கள் லீகின் பத்து வருஷத்தைக் குறிக்கும் பேட்ஜோடு இறங்கி 23-7-னு ஜெயித்தது. பக் புக்கானனும் அந்த டீமில்தான் ஆடினார். இணைப்புக்கு முன் கடைசி சூப்பர் பௌல் அது. கணக்கு 2-2.

1970-ல் இணைப்பு முழுமையானது. பழைய பக்கம் 16 டீம், புதுப் பக்கம் 10. சமமாக்கணும். கோல்ட்ஸ், பிரவுன்ஸ், ஸ்டீலர்ஸ் மூணும் ஆளுக்கு 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தன. இப்போ ரெண்டு கான்ஃபரன்ஸ்: ஏஎஃப்சி, என்எஃப்சி. அந்த முதல் சீசனிலேயே ஏஎஃப்சி சார்பில் சூப்பர் பௌல் ஜெயித்தது யார்? அதே கோல்ட்ஸ்! ரெண்டு வருஷம் முன்னாடி பழைய லீகின் மானத்தைக் காப்பாற்ற ஆடித் தோற்ற டீம். அப்போ பலம் டீமில் இருக்கா, இல்ல அது நிற்கிற பக்கத்தில் இருக்கா?

1970-கள் முழுக்க ஏஎஃப்சி கை ஓங்கியது. டால்ஃபின்ஸ் 1972-ல் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. ஸ்டீலர்ஸ் ஆறு சீசனில் நாலு கோப்பை. அப்புறம் காற்று திசை மாறியது.

1984 சீசனிலிருந்து 1996 சீசன் வரைக்கும் தொடர்ந்து 13 சூப்பர் பௌல், 13-மே என்எஃப்சிக்கு. அதுவும் சும்மா இல்லை: 46-10, 42-10, 55-10, 52-17. இதில் எனக்குப் பிடிச்ச முரண் ஒண்ணு இருக்கு. 1983 வீரர் தேர்வில் முதல் சுற்றில் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். ஆறு பேரையும் எடுத்தது ஏஎஃப்சி டீம்கள்தான். ஜான் எல்வே, ஜிம் கெல்லி, டான் மரினோ எல்லாம் அந்தக் கூட்டம்தான். இவ்வளவு திறமை ஒரே பக்கம் குவிஞ்சும், அந்த 13 தோல்வியில் ஒன்பது இவங்க தலையில் விழுந்தது. கெல்லிக்கு நாலு, அதுவும் தொடர்ந்து. எல்வேக்கு மூணு. மரினோவுக்கும் டோனி ஈசனுக்கும் ஆளுக்கு ஒண்ணு.

அப்போ என்எஃப்சி மொத்தமும் பலசாலியா? பிரிச்சுப் பார்த்தா வேற மாதிரி தெரியுது. 13 கோப்பையில் ஏழு 49-யர்ஸுக்கும் கவ்பாய்ஸுக்கும் போனது. 1992, 93, 94 மூணு சீசனும் இந்த ரெண்டு டீமும் என்எஃப்சி இறுதியில் மோதின. அதில் ஜெயித்த டீம் மூணு தடவையும் சூப்பர் பௌலைச் சுலபமா வாங்கிக்கொண்டு போனது. உண்மையான ஃபைனல் முன்னாடியே முடிஞ்சதுன்னு ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். உச்சியில் ரெண்டு மூணு பெரிய டீம் இருந்தால், கீழே இருக்கிற பலவீனமான டீமுக்கும் 'எங்க பக்கம் வலுவானது'ங்கிற பெருமை இலவசமாக் கிடைச்சுடும்.

1998 ஜனவரியில் அந்தத் தொடர் அறுந்தது. 37 வயது எல்வேயின் பிரான்கோஸ் 31, பேக்கர்ஸ் 24. ஆனா அன்னைக்கு வேலையை முடித்தது எல்வேயின் கை இல்லை. பந்தைச் சுமந்து 157 யார்டு ஓடி மூணு டச்டவுன் போட்ட டெரல் டேவிஸ்.

அதுக்கப்புறம் டாம் பிரேடி, பெய்டன் மேனிங், பென் ராத்லிஸ்பர்கர் காலம். 2001 முதல் 2018 வரை 18 சீசனில், 16 தடவை ஏஎஃப்சி சார்பில் சூப்பர் பௌல் தொடங்கிய குவார்ட்டர்பேக் இந்த மூணு பேரில் ஒருத்தர்தான். மறுபடியும் அதே கேள்வி: கான்ஃபரன்ஸ் பலமா, மூணு ஆளோட பலமா?

நேர்மையா அளக்கணும்னா ஒரு ஃபைனல் போதாது. இன்னைக்கு ஒவ்வொரு டீமும் ஆடும் 17 லீக் மேட்சில் ஐந்து மறுபக்கத்து டீம்களோட. சீசனுக்கு மொத்தம் 80 மேட்ச். நடுத்தர டீம், கடைசி டீம் எல்லாம் மோதுகிற அந்த எண்பதில்தான் ஒரு பக்கத்தோட உண்மையான எடை தெரியும். ஆனா யாரும் அதுக்குக் கோப்பை கொடுக்கிறதில்லை. அதனால யாருக்கும் அது ஞாபகம் இருக்கிறதும் இல்லை.

கடைசியா கணக்கைச் சொல்லிடறேன். 2025 பிப்ரவரி வரைக்கும் நடந்த 59 சூப்பர் பௌலில், இணைப்புக்கு முந்தைய நாலையும் சேர்த்து, பழைய பக்கம் 30, புதுப் பக்கம் 29. கதவு திறக்காததால் தனி லீக் தொடங்கிய லமார் ஹன்டின் பெயர்தான் இன்னைக்கு ஏஎஃப்சி சாம்பியன் தூக்குகிற கோப்பைக்கு இருக்கு.