குமிழில்லாத கடல்

எழுத்துக்கூட்டத் தெரிவதற்கு முன்பே நான் 'வாசித்த' பிரதி இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. பேச்சுக் குமிழ்கள் எனக்கு வெறும் வெள்ளை முட்டைகள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவான், கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். கதை புரிந்தது என்றுதான் இன்றும் சாதிப்பேன்.

பக்கத்துவீட்டுத் தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் 1961இல் முடிந்தது. கல்லைக் கட்டி இறங்கியவனுக்கும் மேலே நின்றவனுக்கும் நடுவில் ஒரு கயிறு, அவ்வளவுதான். "ஒரு இழுப்பு இழுத்தா தூக்கணும். வாய் எதுக்குல அங்க?" என்பார். மௌனம் அங்கே அழகியல் இல்லை, மூச்சுக் கணக்கு.

ஆனால் கடல் மாசு பற்றிய சூப்பர்ஹீரோக்கள் ரொம்பப் பேசுகிறவர்கள். மார்வலின் கடல் இளவரசன் நேமர் 1970இல் ஐ.நா. சபைக்கே போய் முறையிட்டான். அதே மார்வல் 2001 இறுதியில் ஒரு மாதம் தன் நாயகர்களின் வாயைக் கட்டிப்போட்டு இதழ்கள் போட்டது, ஒரு பந்தயம் மாதிரி. நம் பக்கத்தில் அப்புப்பன் 2013இல் சொல்லே இல்லாத ஐந்து கதைகளைத் தொகுத்தார்; அவருடைய உலகத்தின் பெயர் ஹலாஹலா. நம் ஆலகாலம்தான்; கடலைக் கடைந்தால் முதலில் வருவது.

சொல்லை நம்பாமல் இருக்கத் தூத்துக்குடிக்குக் காரணம் உண்டு. 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்ற ஒற்றைச் சொல்லாடல் எத்தனை அறிக்கைகளைக் காப்பாற்றியிருக்கிறது! 2013இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் ஆலை சூழலைக் கெடுத்ததற்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. மூடச் சொன்ன 2010 உயர் நீதிமன்றத் தீர்ப்பை அதே கையால் ரத்தும் செய்தது. இதை எந்தக் குமிழுக்குள் அடைப்பது? செத்து மிதக்கும் மீனை வரைந்தால் அதற்கு மறுப்பறிக்கை எழுதுவது கஷ்டம்.

என் சங்கடம் வேறு. சொல்லற்ற மாசுக் கதைகளில் ஒரு குழாய் கறுப்பாகக் கக்கும், முகமூடிக்காரன் வந்து அடைப்பான். குழாய் யாருடையது? மௌனம் குற்றவாளியின் பெயரையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அடைக்க வந்தவனும் தனியாள். 2018 மே 22இல், போராட்டத்தின் நூறாவது நாள், ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தது தனியாளா? துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஆறு நாளில் ஆலையை மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஆலையின் மனுவைத் தள்ளியது.

பெல்ஜியத்தின் மாசெரீல் 1925இல் 'நகரம்' என்று நூறு மரச்செதுக்குகள் போட்டார். ஒரு சொல் கிடையாது, நாயகனும் கிடையாது. கூட்டம்தான் பாத்திரம். நம் ஓவியர்கள் அதிலிருந்து தொடங்கலாம். சொல்லற்றது என்றால் எழுத்தற்றது என்று யார் சொன்னது? குமிழ்தானே கூடாது. ஆலை வாசலை வரையுங்கள், அதன் பெயர்ப்பலகையோடு.