மெசியா இரகசியம்

மெசியா இரகசியம் என்பது, மாற்கு நற்செய்தியில் இயேசு, தாம் யூதர்கள் எதிர்பார்த்த மீட்பராகிய மெசியா என்பதை வெளியிட வேண்டாமெனப் பலமுறை தடுப்பதைக் குறிக்கும் விவிலியத் திறனாய்வுக் கலைச்சொல். ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேடே (1859–1906) 1901இல் வெளியிட்ட நூலால் இது நிலைபெற்றது.

தீய ஆவிகள் (1:34, 3:12), நலம் பெற்றோர் (1:44, 7:36), சீடர்கள் (8:30, 9:9) ஆகியோருக்கு இத்தடை விதிக்கப்படுகிறது. யாயிர் என்பவரின் வீட்டு வாயிலில் கூட்டம் ஓலமிட்டு அழுதுகொண்டிருக்க, இறந்த சிறுமி எழுந்து நடந்ததை யாரும் அறியக் கூடாது என்ற கட்டளை (5:43) நடைமுறைக்கு ஒவ்வாதது. கெரசேனர் பகுதியில் மட்டும் குணமானவனிடம் இயேசு நடந்ததை வீட்டாருக்கு அறிவிக்கச் சொல்கிறார் (5:19). இறுதியில், ‘நீ மெசியாவா?’ என்ற தலைமைக் குருவின் கேள்விக்கு இயேசு வெளிப்படையாக உடன்படுகிறார் (14:62). சிலுவையடியில் அவரை இறைமகன் என்பவர் உரோமை நூற்றுவர் தலைவர் (15:39).

உயிர்ப்புக்குப் பின் எழுந்த, இயேசுவே மெசியா என்ற நம்பிக்கையை அவரது வாழ்நாளோடு இணைக்கத் தொடக்கத் திருச்சபை அமைத்த இறையியல் கருத்து இது என்றார் விரேடே. யாயிர் வீட்டுக் கட்டளை போன்ற இடங்களே இவ்வாதத்துக்கு வலுவூட்டுகின்றன. அரசியல் விடுதலைத் தலைவராகத் தவறாக உணரப்படுவதை இயேசுவே தவிர்த்தார் என்பது மாற்றுக் கருத்து. கெரசேனர் விதிவிலக்கை, அது பிற இனத்தார் பகுதி என்பதால், இக்கருத்தே எளிதாக விளக்குகிறது. யோவான் நற்செய்தியில் இந்த மறைப்பு ஏறக்குறைய இல்லை.