டைனமோ போய் ஆல்டர்நேட்டர் வந்த கதை: மாத்தாம விட்ட அந்த ஒயர்

போன மாசம் ஒரு ராத்திரி, அப்பாவோட பழைய ஜீப்ல ஏற்காட்டுல இருந்து இறங்கிட்டு இருந்தோம். பின்னாடி சீட்ல அம்மாவும் தங்கச்சியும். ஒரு கொண்டை ஊசி வளைவுல பிளாஸ்டிக் கருகுற வாசனை வந்தது. அடுத்த நிமிஷம் டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருந்து புகை. வண்டிய ஓரங்கட்டி, பேட்டரி டெர்மினலைக் கழட்டின பிறகுதான் எங்களுக்கு உசுரே வந்தது.

தப்பு என்னோடதுதான். ரெண்டு வாரம் முன்னாடி, வண்டியில இருந்த 35 ஆம்பியர் ஆல்டர்நேட்டரை எடுத்துட்டு 75 ஆம்பியர்ல ஒண்ணு மாட்டினேன். கூடவே நாலு பெரிய லைட்டு, நேரா பேட்டரியில இருந்து கனெக்‌ஷன். எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். ஒயரை மட்டும் கணக்குல சேர்க்கல.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் டேஷ்போர்டைப் பிரிச்சு, கருகின ரெண்டு ஒயரைக் காட்டினார். ரெண்டுமே அம்மீட்டருக்குப் போற ஒயர். "டைனமோவ மாத்துனீங்க சரி தம்பி, ஒயர மாத்த வேணாமா?"ன்னு கேட்டார். மாட்டியிருக்கிறது ஆல்டர்நேட்டர். ஆனா நம்ம ஊர் பட்டறைகள்ல இன்னும் பல பேர் அதை டைனமோன்னுதான் சொல்றாங்க. அது ஏன்னு தேடிப் போனப்போதான், என் ஒயர் ஏன் கருகுச்சுன்னும் புரிஞ்சது.

ஆரம்பகாலக் கார்களுக்குக் கரண்டே பெருசா தேவைப்படல. பல கார்கள்ல ஹெட்லைட் அசிட்டிலின் வாயுல எரிஞ்சது. இன்ஜினை ஹேண்டில் போட்டுக் கையால சுத்தணும். அது திருப்பி உதைச்சா கை உடையும். 1912 கேடிலாக் கார்ல சார்லஸ் கெட்டரிங் உருவாக்கின எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. நாம 'செல்ஃப்'னு சொல்றோமே, அதான். செல்ஃபுக்குப் பெரிய பேட்டரி வேணும். அந்த பேட்டரிக்கு வண்டி ஓடும்போதே சார்ஜ் ஏறணும். அந்த வேலையைத்தான் அடுத்த அரை நூற்றாண்டு டைனமோ பார்த்தது.

டைனமோவுல ஒரு சிக்கல். கரண்டு உண்டாகுற சுருளே சுத்தும். அதனால மொத்த கரண்டும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் வழியாத்தான் வெளிய வந்தாகணும். பொறி பறக்கும், பிரஷ் தேயும், ரொம்ப வேகமா சுத்தவும் முடியாது. வண்டி ஐடிலிங்ல நின்னா சார்ஜ் கிட்டத்தட்ட இருக்காது. ரேடியோ, ஹீட்டர் ஃபேன்னு ஒவ்வொண்ணா சேர, 1950கள்ல அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டுல இருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. அதுவும் பத்தல.

ஆல்டர்நேட்டர் இதைத் தலைகீழாக்குது. காந்தம் சுத்தும், கரண்டு உண்டாகுற சுருள் அசையாம நிக்கும். பிரஷ் வழியா காந்தத்துக்குத் தேவையான சில ஆம்பியர் மட்டும்தான் போகும். ஆனா வர்றது ஏசி. பேட்டரிக்கு அதை டிசியா மாத்தணும். சின்ன, மலிவான சிலிக்கான் டயோடு வந்த பிறகுதான் சாதாரணக் கார்ல இது சாத்தியமாச்சு. கிரைஸ்லர் தன்னோட 1960 மாடல் வேலியன்ட் கார்ல ஆல்டர்நேட்டரைக் கொடுத்தது. மத்த கம்பெனிகள் பின்னாடியே வந்தன. ஐடிலிங்லயும் சார்ஜ் ஏறுச்சு.

மெஷின் மாறிடுச்சு. ஒயர் போற வழி மட்டும் பழைய மாதிரியே நின்னுடுச்சு. டைனமோ காலத்து டேஷ்போர்டுல அம்மீட்டர் இருக்கும். பேட்டரிக்குள்ள கரண்டு போகுதா, வெளிய வருதான்னு முள்ளு காட்டும். அப்படிக் காட்டணும்னா அந்தக் கரண்டு முழுக்க அம்மீட்டர் வழியாவே போகணும். இன்ஜின்ல இருந்து டேஷ்போர்டுக்குள்ள வந்து, திரும்பவும் பேட்டரிக்குப் போகணும். 1941ல அமெரிக்க ராணுவத்துக்காக வந்த வில்லிஸ் ஜீப்புலயும் அம்மீட்டர் உண்டு. அந்த வம்சத்துல வந்ததுதான் எங்க அப்பா வண்டி.

நான் லைட்டை பேட்டரியில மாட்டினேன் இல்லையா? அதனால லைட்டுக்கான கரண்டும் பேட்டரிக்கான சார்ஜும் சேர்ந்து அந்த ஒல்லி ஒயர்ல ஓடிச்சு. ஒயர்ல சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். கரண்டு 2 மடங்கு ஆனா சூடு 4 மடங்கு. சர்வரைப் பெருசாக்கிட்டு கேபிளை அப்படியே விட்டா நெட் ஸ்லோவாகும், அவ்ளோதான். இங்க தீப்பிடிக்கும். 1960, 70கள்ல வந்த கிரைஸ்லர் கார்களை இன்னைக்கும் வெச்சிருக்கிறவங்க முதல்ல செய்யற வேலைகள்ல ஒண்ணு, இந்த அம்மீட்டர் வழியை பைபாஸ் பண்றது.

அண்ணனும் அதையேதான் செஞ்சார். ஆல்டர்நேட்டர்ல இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு நேரா ஒரு தடிமனான ஒயர். பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ், ஏன்னா ஒயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிடும். இன்ஜின்ல இருந்து பேட்டரி மைனஸுக்குப் புது எர்த் ஒயர், ஏன்னா போன கரண்டு திரும்பியும் வரணும். அம்மீட்டருக்குப் பதிலா ஒரு வோல்ட்மீட்டர். இதுல பேருக்குத்தான் கரண்டு போகும். ஒல்லி ஒயரே போதும்.

இதே கணக்குதான் இப்போ சில கார்கள்ல 48 வோல்ட்டைக் கொண்டு வந்திருக்கு. அதே பவருக்கு, 12 வோல்ட்டுல போறதுல கால்வாசி கரண்டு போதும்.

பழைய அம்மீட்டரைக் கழட்டிப் போட அப்பா மட்டும் சம்மதிக்கல. கனெக்‌ஷன் இல்லாம அது இன்னும் டேஷ்போர்டுல இருக்கு, முள்ளு நடுவுலயே நிக்குது. வண்டியில ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த வளைவு ஞாபகம் வருது. ஆல்டர்நேட்டரை மாத்தப் போறீங்கன்னா, முதல்ல ஒயரைப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.